முதலில் போனது ஈயம்: நெல்லை டவுன் ரத வீதிகளில் பாத்திரக்கடைகள் மறைந்த வரிசை

நெல்லை டவுனின் பழைய கடைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் கொஞ்ச நேரத்திலேயே ஒரு தீர்ப்பு வந்துவிடும்: பெரிய ஜவுளிக்கடைகள் வந்தன, சின்னக் கடைகள் போயின. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, வரிசைதான் தப்பு. பித்தளை, வெண்கலப் பாத்திரக் கடைகளை மட்டும் எடுத்து, எது முதலில் நின்றது, எது பிறகு நின்றது என்று அடுக்கிப் பார்த்தால் வேறு கதை தெரியும். கடைக்கு வெகு முன்னால் மறைந்தவர் கடை வாசலில் உட்கார்ந்திருந்த ஈயம் பூசுகிறவர். அவரோடு வருஷம் முழுக்க வந்துகொண்டிருந்த வாடிக்கை போனது. வாடிக்கை போனதும் வாடகை கனத்தது. பெயர்ப் பலகை இறங்கியதெல்லாம் கடைசியில்.

இடமும் முகப்பும்

நெல்லையப்பர் காந்திமதி அம்மன் கோயிலைச் சுற்றி நான்கு ரத வீதிகள். ஆனித் தேரோட்டத்தில் பிள்ளையார், முருகன், சுவாமி, அம்மன், சண்டிகேசுவரர் என்று ஐந்து தேர்கள் இதில்தான் சுற்றி வரும். கடைக்காரருக்கு இதன் பொருள் ஒன்று: வீதிக்குள் நிரந்தரமாக எதையும் நீட்ட முடியாது. சாய்ப்பு, தட்டி, பெயர்ப் பலகை எல்லாம் தேருக்கு முன்னால் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். 1994-இல் நெல்லை மாநகராட்சி ஆனது. அதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே இந்த வீதிகளின் அகலத்தைக் காத்தது தேர்தான்.

பழைய கடைகள் முகப்பு குறுகி உள்ளே நீண்டவை. வாசலுக்குக் கதவாக நிரைப்பலகை, அதாவது வரிசையாக நிறுத்திக் கழற்றும் தனித்தனிப் பலகைகள். கீழே படியில் ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம்; மேலே விட்டத்தில் அதைவிட ஆழமான காடி. பலகையை மேல் காடிக்குள் ஏற்றி, கீழ்க் காடியில் இறக்கி, ஓரத்துக்குத் தள்ள வேண்டும். பலகையின் உள்பக்கத்தில் எண் வெட்டியிருக்கும். ஒவ்வொன்றும் பக்கத்துப் பலகைக்கு ஏற்ப இழைக்கப்பட்டது என்பதால் 4-ஐயும் 5-ஐயும் மாற்றிப் போட்டால் கடைசிப் பலகை நுழையாது. ஐப்பசி அடைமழையில் மரம் ஊதிக்கொண்டு எதுவுமே நகராது. காடியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து ஓட்டுவார்கள். எல்லாம் போட்டு முடிந்ததும் குறுக்கே இரும்புத் தாழ்க்கம்பி, அதன் நுனியில் பூட்டு. ஷட்டர் வந்த பிறகு அரை மணி வேலை அரை நிமிஷம் ஆயிற்று. அந்த மாற்றத்தைக் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை.

எடைக்குத்தான் விலை

பித்தளைக் கடையில் பாத்திரத்துக்கு விலை கிடையாது, எடைக்குத்தான் விலை. "தவலை என்ன விலை?" என்று யாரும் கேட்க மாட்டார்கள், "பித்தளை என்ன போகுது?" என்பதே கேள்வி. அன்றைய உலோக விலையோடு செய்கூலி சேரும். தகட்டை அடித்துச் செய்த குடத்துக்கு ஒரு கூலி, வார்த்து எடுத்த உருளிக்கும் குத்துவிளக்குக்கும் வேறு கூலி.

வியாபாரத்தின் உயிர்நாடி பழசுக்குப் புதுசு மாற்றுவது. எடுத்துக்காட்டாக, ஒரு பழைய வாளியும் தவலையுமாக 5 கிலோ 200 கிராம் தராசில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாளியின் இரும்புப் பிடியையும் வளையத்தையும் கழற்றினால் 350 கிராம் போகும். மிச்சம் 4 கிலோ 850. அடியில் ஏறிய கரி, ஓட்டையை அடைத்த பற்றாசு இவற்றுக்கு நூற்றுக்கு 5 கழித்தால் சுமார் 4 கிலோ 600. சண்டை முழுவதும் அந்த நூற்றுக்கு ஐந்தில்தான்.

"ஒட்டு ஒரு ரூவா அகலந்தான இருக்கு அண்ணாச்சி, அதுக்கா இவ்வளவு கழிப்பிய?"

"கரிய வீட்லயே தேச்சுட்டு வந்தா நான் ஏன் ஆச்சி கழிக்கேன்?"

வெண்கலத்துக்கு இந்தப் பேச்சு வேறு மாதிரி. வெண்கலம் செம்போடு வெள்ளீயம் சேர்ந்தது. மணி வார்க்கிற தரத்தில் நூற்றுக்கு 22 பங்கு வரை வெள்ளீயம் இருக்கும். கடினம் உண்டு, வளைந்து கொடுக்காது. கீழே போட்டால் ஒடுங்காது, விரியும். விரிசலுக்கு ஒட்டுப் போட்டாலும் அடுப்பில் நிற்காது. எனவே வாங்கும்போதே விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். முழுப் பானை நின்று ஒலிக்கும், கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருந்தால் சத்தம் செத்துவிடும். விரிந்தாலும் உலோகத்துக்கு விலை உண்டு என்பதால் வெண்கலப் பானை வீட்டுச் சேமிப்பாகவும் இருந்தது. கார் அறுவடை, பிசான அறுவடை முடிந்த கையோடு பாத்திரம் வாங்குவதும், கை இறுக்கமான காலத்தில் அதையே கொண்டுபோய்ப் போடுவதும் தாமிரபரணிக் கரை வீடுகளில் வழக்கம்தான்.

வாங்கிய பாத்திரத்தில் பெயர் வெட்டித் தருவதும் கடையின் வேலை. கழுத்துக்குக் கீழே, சின்ன உளியும் சுத்தியலும் வைத்து, முன்னெழுத்தும் பெயரும், சில சமயம் கல்யாணத் தேதியும் எடையும் வெட்டுவார்கள். இது அழகுக்கல்ல. கல்யாண வீட்டுக்கும் சடங்கு வீட்டுக்கும் தெருவே அண்டாவும் குண்டாவும் இரவல் கொடுக்கும். பெயர் இல்லாத பாத்திரம் ஊர் சுற்றப் போய்விடும். கல்யாணம் மண்டபத்துக்கு மாறி, பாத்திரமும் மண்டபத்தோடு அல்லது சமையல்காரரோடு வர ஆரம்பித்ததும் இரவலும் நின்றது, பெரிய அண்டா வாங்குவதும் நின்றது.

ஈயம் பூசும் வேலை

பித்தளையில் புளிக்குழம்போ மோரோ எலுமிச்சையோ நின்றால் களிம்பு ஏறும். புளியிலும் உப்பிலும் செம்பு கரைவதுதான் களிம்பு. வாய் கசக்கும், வயிற்றைப் புரட்டும். அதைத் தடுக்க உள்பக்கம் வெள்ளீயம் பூச வேண்டும். தினம் புழங்குகிற பாத்திரத்துக்கு வருஷத்துக்கு ஓரிரு தடவை. வேலை இப்படிப் போகும்:

முதலில் பாத்திரத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். புளியும் உப்பும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்ப்பது பழைய முறை. அவசரக்காரர்கள் திராவகத்தில் கழுவுவார்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஒரு விரல் அகலம் மிஞ்சினாலும் அந்த இடத்தில் ஈயம் பிடிக்காது. நன்றாகக் காய்ந்த பிறகு துருத்தியோ கைச்சக்கர ஊதியோ வைத்த கரியடுப்பில் பாத்திரத்தை இடுக்கியால் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். வெள்ளீயம் உருகுவது 232 டிகிரியில். ஈயக் குச்சியைப் பாத்திரத்தின் உள்ளே தொட்டால் கோடு போட்ட மாதிரி உருகி ஒட்ட வேண்டும், அதுதான் பதம். உடனே நவச்சாரப் பொடியைத் தூவினால் வெள்ளைப் புகை எழும்பும். அந்தப் புகைக்குள்ளேயே பஞ்சை வைத்து ஒரே இழுப்பில் சுற்றித் துடைக்க வேண்டும். மங்கலாக இருந்த பித்தளை கண்ணெதிரே வெள்ளியாக மாறும். பிறகு தண்ணீரில் முக்கி எடுப்பது.

நவச்சாரத்தின் வேலை மேலே படிந்திருக்கும் துருப்படலத்தைத் தின்பது. அது குறைந்தால் ஈயம் உருண்டை உருண்டையாக ஓடும், பரவாது. சூடு குறைந்தால் திட்டுத் திட்டாகத் தடித்து நிற்கும். சூடு மீறினால் ஈயம் மஞ்சளித்துக் கருகும். தேய்த்தெடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பத்துப் பன்னிரண்டு லிட்டர் தவலையின் உட்பரப்பு கால் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு கனத்துக்குப் பூசினால் கணக்குப்படி 50 முதல் 60 கிராம் ஈயம் இறங்கும்.

கெட்டுப்போன இடமும் இங்கேதான். பேச்சுத் தமிழில் எல்லாமே 'ஈயம்'. பூச வேண்டியது வெள்ளீயம். காரீயமோ நஞ்சு, குழந்தைகளுக்கு இன்னும் மோசம். ஆனால் வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப்போலப் பத்து மடங்குக்கு மேல். இரண்டையும் கலந்த பற்றாசு 183 டிகிரியிலேயே உருகத் தொடங்குவதால் கரியும் மிச்சம், வேலையும் சுலபம். கலப்படத்தைப் பிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம், அன்றைக்கே மூன்று வழி இருந்தது. குச்சியைக் காதருகே வைத்து வளைத்தால் வெள்ளீயம் கிறீச்சென்று முனகும், காரீயம் ஊமை. வெள்ளைத் தாளில் தேய்த்தால் காரீயம் பென்சில் மாதிரி கோடு விடும். பூசி முடித்த பாத்திரம் சில வாரத்திலேயே சாம்பல் நிறத்துக்கு மங்கினால் சந்தேகப்படலாம். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வாங்குகிறவர்களுக்கும் இதே சோதனைதான். அந்தச் சொம்பைத் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைத்தால் அடி உருகி ஒழுகும் என்பது 232 என்ற எண்ணைப் பார்த்தாலே புரியும்.

எங்கே அறுந்தது

ஈயம் பூசுகிறவரின் பிழைப்பு ஒரு சின்னக் கணக்கு. நாளுக்கு 10 பாத்திரம், வருஷத்துக்கு 300 நாள் என்றால் 3,000 பாத்திரம். ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு 10 பூச்சு என்று வைத்தால் 300 வீடு வேண்டும். பாதி வீடுகள் மாறினாலே போதும். இரண்டு பாத்திரத்துக்கு அடுப்பு மூட்டினாலும் பத்துக்கு மூட்டினாலும் கரிச் செலவில் பெரிய வித்தியாசம் வராது.

வீடுகளை மாற்றியது எவர்சில்வர். இரும்போடு நூற்றுக்கு 18 குரோமியமும் 8 நிக்கலும் சேர்ந்த தகட்டில் களிம்பும் இல்லை, ஈயமும் வேண்டாம். சேலம் உருக்காலை 1981-இல் உற்பத்தி தொடங்கி, துருப்பிடிக்காத எஃகுத் தகடு தமிழ்நாட்டிலேயே உருட்டப்பட்டது. அதற்கு முன்பே சீர்வரிசையில் எவர்சில்வர் நுழைந்தாயிற்று.

எவர்சில்வரை மட்டும் குற்றம் சொல்கிறவர்கள் அடுப்பை மறந்துவிடுகிறார்கள். வெண்கலப் பானைக்கு அடி உருண்டை. விறகடுப்பின் மூன்று குமிழ் மேல் கச்சிதமாக உட்காரும், தீ நாலு பக்கமும் தழுவும். கேஸ் அடுப்பின் கம்பி மேல் அதே பானை ஆடும். சாதம் குக்கருக்குப் போயிற்று, வெண்கலப் பானை பரணுக்குப் போயிற்று. குழாயடிக்குப் பிளாஸ்டிக் குடம் வந்தது. இடுப்புக்கு இதம், விலை சொற்பம். பிளாஸ்டிக் குடத்தை ஒரு கை கூட எதிர்க்கவில்லை, தண்ணீர் சுமந்த பெண்களுக்கு அது விடுதலைதான்.

கடை முதலாளிகள் முதலில் இதை நஷ்டமாகப் பார்க்கவில்லை. அவர்களே எவர்சில்வர் வைத்தார்கள், விற்றது. பித்தளைக்காரர் வருஷத்தில் இரண்டு தடவை பூச்சுக்கு வந்து, அடுப்பு காயும் நேரத்தில் கரண்டியோ கிண்ணியோ வாங்கிப் போவார். எவர்சில்வர்க்காரர் அடுத்த கல்யாணத்துக்குத்தான் வருவார். விற்பனை கூடியது, ஆள் வரத்து குறைந்தது. இந்த இரண்டும் ஒன்றல்ல என்று தெரிந்தபோது வாசலில் ஈய அடுப்பு இல்லை.

வழி மாறியது

வரத்தைக் குறைக்க வேறு காரணங்களும் சேர்ந்தன. 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டம் ஆயிற்று. 2019 நவம்பரில் தென்காசி. கொக்கிரகுளத்து ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு வந்து, திரும்பும்போது டவுனில் சாமான் வாங்கிப் போகும் கூட்டம் இரண்டு தடவையாகப் பிரிந்தது. வேய்ந்தான்குளத்தில் புதிய பேருந்து நிலையம் வந்ததும் வெளியூர்க்காரர் இறங்கும் இடம் டவுனை விட்டு மேலும் விலகியது. அண்டாவைப் பேருந்துக் கூரையில் ஏற்றிய காலம் போய்விட்டது. காரில் வருகிறவருக்கு ரத வீதியில் நிறுத்த இடம் கிடையாது. கனமான சாமான் விற்கும் கடைக்கு இது நேரடி அடி. கவரிங் கடைக்கு அப்படி இல்லை, பொட்டலம் கைப்பைக்குள் போய்விடும்.

சாலையும் தன் பங்குக்கு உயர்ந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போடும் ஒவ்வொரு பூச்சும் 4, 5 சென்டிமீட்டர். ஐந்து தடவை போட்டால் முக்கால் அடி. படியேறிப் போன கடை படியிறங்கிப் போகும் கடை ஆனது, மழைநீர் உள்ளே வந்தது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இல் அரசு கண்டிப்பாகச் சொன்னது. அதற்குள் பல கடைகளின் படிக்கல் தரைக்குள் போயிருந்தது.

வாடகைச் சட்டம்

1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நிழலில் தமிழ்நாட்டின் பழைய கடைத்தெருக்கள் நெடுநாள் நின்றன. வாய்ப்பேச்சில் தொடங்கிய வாடகை, அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும். மெதுவாக விற்கும் சரக்கை வைத்துக்கொண்டு கடை நடத்த முடிந்ததே அந்தக் குறைந்த வாடகையால்தான். 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்தது. எழுத்து ஒப்பந்தம் வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும். ஒப்பந்தத்துக்கு இரு தரப்பும் ஒத்துவராவிட்டால் அதையே காரணமாக வைத்துக் காலி செய்யக் கேட்கலாம். கட்டட உரிமையாளர் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை: பல பங்காளிகளுக்குப் பிரித்தால் சாயாச் செலவுக்கும் காணாத வாடகை அது. பங்காளிகள் சேர்ந்து விற்றால், இரண்டு மூன்று மனைகளை ஒன்றாக்கி வாங்கக்கூடியவர்கள் ஜவுளிக்காரர்களும் நகைக்காரர்களும்தான். பெரிய கடை காட்சிக்குள் வருவது இந்த இடத்தில். அவர்கள் வாங்கியது பெரும்பாலும் முன்பே ஓய்ந்துபோன கடையை.

மற்ற இடங்களில் அல்வாவும் கைப்பேசியும் நிரம்பின. பழைய கடை நடத்தும் முறை மிச்சம் இருப்பது, வேடிக்கையாக, கீழ ரத வீதியில் கோயிலுக்கு எதிரே இருக்கும் இருட்டுக்கடை அல்வாக் கடையில்: சாயங்காலம் மட்டும் திறப்பு, ஒரே சரக்கு, தீர்ந்தால் அடைப்பு. தினம் தீர்ந்துபோகும் பொருளுக்கு அந்த முறை செல்லும். மூன்று தலைமுறை உழைக்கும் பாத்திரத்துக்குச் செல்லாது.

திரும்பி வரும் பித்தளை

இப்போது பித்தளை மறுபடி கேட்கப்படுகிறது. ஆனால் எடைக்கல்ல, உருப்படிக்கு. வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. பளபளப்புக்காக மேலே வார்னிஷ் அடித்த அலங்காரப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றக் கூடாது. நகத்தால் சுரண்டினால் படலம் உரியும், அதுவே அடையாளம். ஈயம் பூசிய பாத்திரத்தை வெறுமனே காய வைக்கக் கூடாது, வறுக்கக் கூடாது, கம்பி நாரால் தேய்க்கக் கூடாது. உள்ளே பித்தளையின் மஞ்சள் கால் ரூபாய் அளவுக்குத் தெரிந்தால் புளி வைப்பதை நிறுத்திவிட்டு மறுபூச்சுக்குக் கொடுக்க வேண்டும். பூசக் கொடுக்கும் முன் குச்சியை வளைத்துக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பலகையும் பில்லும் சொல்வது

மறைந்த கடைகளைப் பதிவு செய்கிறவர்கள் செய்யும் பெரிய தப்பு நினைவை மட்டும் நம்பி ஆண்டு எழுதுவது. பொருள்களே ஆண்டு சொல்லும். பெயர்ப் பலகையில் 'லை', 'ணை' போன்றவை பழைய கொம்பு வடிவத்தில் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் எழுதியது, அல்லது பழக்கம் விடாத ஓவியர் எழுதியது. 627006 என்ற அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. 'நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்' என்று அச்சான பில் 1986-க்கும் 1997-க்கும் இடைப்பட்டது. விற்பனை வரி எண்ணும் உதவும்: 2007-இல் மதிப்புக் கூட்டு வரி, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி. ஆனால் பில் புத்தகம் தீரும்வரை பழைய தாளிலேயே எழுதுவார்கள் என்பதால், அச்சு சொல்வது தொடக்க ஆண்டை மட்டும். கையால் எழுதிய தேதியையும் பார்க்க வேண்டும். கதவெண்ணை நம்பவே கூடாது. பழைய எண், புதிய எண் இரண்டும் ஒரே தெருவில் கலந்து கிடக்கும். எதிர்க்கடை, பக்கத்துச் சந்து, கோயில் வாசலிலிருந்து எத்தனையாவது கடை என்று எழுதி வைப்பது பத்திரம்.

பாத்திரத்தில் வெட்டிய பெயரையும் தேதியையும் படம் எடுக்கும்போது நேர் வெளிச்சம் உதவாது; பக்கவாட்டில் டார்ச் அடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழலாக எழும். பழைய பித்தளைக்குப் போட வரும் பாத்திரங்களில் இதைச் செய்ய உலைக்குப் போகும்வரைதான் நேரம்.

கட்டடத்தில் தேட வேண்டியது காடியை. படியைச் சிமெண்டு பூசி மறைத்திருப்பார்கள், அல்லது சாலைக்குக் கீழே போயிருக்கும். ஷட்டர் பெட்டிக்குப் பின்னால் மேல் விட்டம் அப்படியே விடப்பட்டிருந்தால் அண்ணாந்து பார்க்கலாம். ஓர் அங்குல அகலத்தில் ஒரு பள்ளம் முகப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடும், சில இடங்களில் மெழுகு கறுத்துப் படிந்திருக்கும்.